சூடேறிய பிறகு வரும் பழுது

குளிர்ந்திருக்கும்போது இந்த இன்ஜினில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தால் பிடித்துக்கொள்கிறது. கால் மணி நேரம் சீராக ஓடி, நின்றுவிடுகிறது. ஆறப்போட்டால் மறுபடி எழுந்துகொள்கிறது. எட்டுக் குதிரைத்திறன், இரண்டு ஸ்ட்ரோக், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வகை; ஃபைபர் படகின் பின்பலகையில் மாட்டுவது. நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையிலிருந்து தம்பி மினி லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறான். அங்கே பார்த்தவர்கள் பிளக்கை மாற்றினார்கள், கார்புரேட்டரைக் கழுவினார்கள். அவர்கள் கண்ணெதிரே அது நன்றாகத்தான் ஓடியது. கரையில் ஓடிக்காட்டிவிட்டு, கரை கண்ணுக்கு மறைந்த பிறகு நிற்கிற பழுது. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

*

தம்பி என்றால் தாத்தாவுடைய தம்பியின் பேரன். தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928இல் அதைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றினார்கள். தாத்தா பட்டறையோடு வந்துவிட்டார். அவர் தம்பி கடலோடு இருந்துவிட்டார். அதே 1928இல் கட்டிய கொள்ளிடப் பாலத்தைத் தாண்டித்தான் எங்கள் குடும்பம் பிறகு சமயபுரத்தில் குடியேறியது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்தப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜின் செய்துகொடுத்த பட்டறை பொன்மலை. அங்கே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆற்றில் பரிசலைப் பார்த்து வளர்ந்த எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இந்த மோட்டார் வேடிக்கையாக இருக்கிறது. தொட்டுப் பார்க்க விடுகிறேன்.

*

கொல்லையில் நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மரச்சட்டத்தில் இன்ஜினை மாட்டியாயிற்று. தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்டக் கூடாது. அடியில் தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் இறக்கை காய்ந்து சுற்றினால் கருகிவிடும். ஓடத் தொடங்கியதும் நான் முதலில் பார்ப்பது பக்கத்துத் துளையைத்தான். அதிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் வந்தால் உள்ளே குளிர்ச்சி போய்ச் சேருகிறது. உப்பு அடைத்திருந்தால் தாரை சொட்டாகிவிடும். இதில் தாரை நன்றாகவே வருகிறது. கையில் பிடித்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.

அடுத்த சந்தேகம் டேங்க் மூடியில் இருக்கும் சின்னக் காற்றுத் திருகு. அதைத் திறக்காமல் ஓட்டினால் எண்ணெய் இறங்க இறங்க உள்ளே வெற்றிடமாகி, கொஞ்ச நேரத்தில் எண்ணெய் வருவது நின்றுபோகும். மூடியைத் திறந்தால் உஸ் என்று காற்றை இழுக்கும். முழுக்கத் திறந்துவைத்தே ஓட்டினேன். அதே கால் மணியில் நின்றது. நின்ற கையோடு எண்ணெய்க் குழாயில் இருக்கும் ரப்பர் குமிழைப் பிசைந்து கயிற்றை இழுத்தேன். அசையவில்லை.

ஆக, எண்ணெய்ப் பக்கம் இல்லை. அது நிற்கிற விதமும் அதையே சொல்கிறது. எண்ணெய் கிடைக்காத இன்ஜின், திரி எரிந்து தீரும் விளக்குபோல மங்கி, திணறி, இழுத்துப் பறித்துத்தான் நிற்கும். இது சத்தத்தின் நடுவில் சட்டென்று அறுந்துபோகிறது. அப்படி அறுந்தால் கரண்ட்தான்.

*

பூச்சொரிதல் தொடங்கிவிட்டது. மாசிக் கடைசி ஞாயிறு முதல் பங்குனிக் கடைசி ஞாயிறு வரை, 28 நாள், அம்மன் நமக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர். தெருவில் பூத்தட்டு போகும்போது இன்ஜினை அமர்த்திவிடுவேன். அதனால் பாதி நாள் ஓட்டவே முடிவதில்லை. ஆனாலும் இந்தப் பழுதுக்கு அவசரம் உதவாது. அது வர வேண்டிய சூட்டில்தான் வரும். அந்த நேரத்தில் பக்கத்தில், கருவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

*

நின்ற மறுநொடி பிளக் தொப்பியைக் கழற்றி, வேறொரு பிளக்கை அதில் மாட்டி, இன்ஜின் உலோகத்தில் அணைத்துப் பிடித்து, கொல்லையிலிருந்த பையனைக் கயிறு இழுக்கச் சொன்னேன். ஒரு பொறிகூட இல்லை. அரை மணி கழித்து அதே பிளக்கில் நீலமாக, சடசடவென்று அடித்தது.

காயிலைக் கழற்றி மீட்டர் வைத்தேன். ஆறியிருக்கும்போது அளவு சரி. வெயிலில் காய்ந்த தகரத்தின் மேல் வைத்துச் சூடாக்கி மறுபடி வைத்தால் மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. உள்ளே முடியை விட மெல்லிய செம்புக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன, சூட்டில் விலகிவிடுகின்றன. குறை சொன்னவனை நம்பாமல், “நல்லாத்தானே ஓடுது” என்று திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய அநியாயம்! தம்பி சொன்னது முதல் நாளிலிருந்தே உண்மை. புதுக் காயில் போட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டிப் பார்த்தேன். இடையில் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அமர்த்துவதற்கு முன் பெட்ரோலுக்குத் திருப்பி. அப்படித் திருப்பாவிட்டால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த முறை குளிரில் பிடிக்காது.

*

காயில் ஒரு நாள் வேலை. என்னைக் கலங்கவைத்தது வேறு. டிரம்மில் ஓட்டுவதற்காக விசிறியைக் கழற்றியபோது, அதை அச்சோடு பிணைக்கும் பின் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இரும்பு ஆணி இருந்தது. தலையை வெட்டி, தட்டி இறக்கியிருந்தார்கள். அந்தப் பின்னைப் பித்தளை போன்ற மெதுவான உலோகத்தில் செய்வது வேண்டுமென்றேதான். விசிறி பாறையிலோ மரத்துண்டிலோ மோதினால் பின் அறுந்துவிடும். மேலே இருக்கும் பல்சக்கரம் தப்பிக்கும். பின்னை மாற்றப் பத்து நிமிஷம் போதும். ஆணி அறுக்காது. அடியை முழுக்கப் பல்லுக்கு அனுப்பும், பல் உடைந்தால் நடுக்கடலில் துடுப்புதான் கதி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகுக்காரர்கள் நாலு காசு பார்ப்பது அப்போதுதான். அதற்குள் இன்ஜின் போய்ச் சேர வேண்டும் என்று போன் செய்தேன்.

“காயில் மாத்தியாச்சு தம்பி. அந்த ஆணியை மட்டும் இனிமே போடாதே.”

“அண்ணே, பின் அறுந்தா கடல்ல எங்க போய்த் தேடுவேன்? கையில ஆணிதான் இருந்துச்சு.”

அவன் கேட்டது நியாயம். அளவுக்குப் பித்தளைக் கம்பி வாங்கி ஆறு பின் அறுத்து, முனை தேய்த்து, இன்ஜின் மூடியின் உட்பக்கம் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். கூடவே ஒரு பழைய குறடும்.