இடையில் வரும் நாள்

கனடாவைக் கேம்பர் வண்டியில் குறுக்காகக் கடப்பவர்கள் சஸ்காச்சுவான் மாகாணத்துக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு நாள்தான் ஒதுக்குகிறார்கள். மானிடோபா எல்லையிலிருந்து ஆல்பர்ட்டா எல்லைவரை டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். கிழக்கே ஒன்டாரியோவின் ஏரிகள், மேற்கே ராக்கி மலைகள். நடுவிலுள்ள பிரெய்ரி சமவெளியில் பார்க்க ஒன்றுமில்லை என்று அந்த நாளை ஓட்டித் தீர்த்துவிடுகிறார்கள். படிப்பு முடியட்டும், கடன் அடையட்டும், பிறகு வாழ்ந்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடப்படும் வருஷங்களும் இந்தக் கணக்கில்தான் கழிகின்றன. ஆயுளில் பெரும்பகுதி இத்தகைய இடைநாட்களே என்பதால், கழிப்பது சரியா என்று கேட்டாக வேண்டும்.

ஒன்றுமில்லை என்ற தோற்றத்துக்கு முதல் காரணம் வேகம். 1880களில் ரயில் பாதை வந்தபோது, விவசாயி குதிரை வண்டியில் கோதுமையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு அன்றே வீடு திரும்பும்படி, சுமார் 10 முதல் 16 கிலோமீட்டருக்கு ஓர் ஊரும் மரத்தாலான தானியக் கோபுரமும் எழுந்தன. ஒரு குடும்பத்துக்கு முழுநாள் வேலையாக இருந்த தூரம், மணிக்கு 110 கிலோமீட்டரில் ஏழெட்டு நிமிடம்.

இரண்டாவது காரணம் வரலாறு. கிரீ, சோட்டோ முதலிய பூர்வகுடிகளோடு 4ஆம் ஒப்பந்தம் 1874இல் கையெழுத்தானது. சில ஆண்டுகளில் காட்டெருமைக் கூட்டங்கள் வேட்டையில் அழிந்தன. புல்வெளி ஒரு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டு, 160 ஏக்கர் 10 டாலர் பதிவுக் கட்டணத்துக்குக் குடியேறிகளுக்குத் தரப்பட்டது. இயற்கையான புல்வெளியில் இன்று ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. வெறுமையாகத் தெரியும் இந்த நிலம் வெறுமையாக்கப்பட்டது. அதை அறியாமல் கடப்பது பெரிய இழப்பு. இன்று அங்கே ஜூலையில் கனோலா மஞ்சளாகவும் ஆளி நீலமாகவும் பூக்கின்றன. இந்தியா இறக்குமதி செய்யும் மைசூர்ப் பருப்பில் கணிசமான பங்கு இந்த வயல்களில் விளைவதுதான்.

சஸ்காச்சுவானின் பெரும்பகுதியில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதனால் கோடையில் மானிடோபாவிலிருந்து வருபவருக்கு எல்லையிலேயே ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. மூஸ் ஜாவைத் தாண்டி வரும் சாப்ளின் ஏரியில் அதைச் செலவிடலாம். சாலையோரம் வெள்ளைவெளேரென்று குவிந்து கிடப்பது பனியல்ல, சோடியம் சல்பேட், சலவைத்தூளில் சேர்வது. வண்டியை நிறுத்தி இறங்கினால் உப்புச் சேற்றின் ஓரமாகச் சிறு உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்துவது தெரியும். வசந்தத்தில் ஆர்க்டிக் நோக்கிப் பறக்கும் சாண்டர்லிங் என்னும் உள்ளான்கள் இங்கே இறங்கி, உப்புநீர் இறாலையும் பூச்சிகளையும் தின்று உடம்பைத் தேற்றிக்கொள்கின்றன. அவற்றின் பயணத்தில் இந்த இடைவழி நிறுத்தம் இல்லாவிட்டால் போய்ச் சேருவதே கடினம்.

மதியத்தில் மேற்கிலிருந்து காற்று எழும்பினால் கேம்பரின் உயரமான உடல் அதை முழுவதும் வாங்கும். பக்கத்தில் லாரி கடக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அனுபவசாலிகள் வேகத்தைக் குறைத்து, அடிக்கடி நிறுத்துகிறார்கள். நிதானம் அவர்களுக்குப் பாதுகாப்பையும் தருகிறது, ஊர்களையும் காட்டுகிறது.

மேப்பிள் கிரீக்கில் தெற்கே திரும்பி முப்பது நாற்பது கிலோமீட்டர் போனால் சைப்ரஸ் குன்றுகள். கடைசிப் பனியுகத்தில் பனிப்பாறை இவற்றின் உச்சியை மூடவில்லை. சுற்றிலும் புல் விளையும் நாட்டில் இங்கே லாட்ஜ்போல் பைன் காடு நிற்கிறது. அன்றிரவே ஆல்பர்ட்டாவுக்குள் போய்விட வேண்டும் என்று விரைபவர்கள் இந்தத் திருப்பத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.