எந்த ஊர் என்று எழுதுவது?

காப்பாரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பால் மரம் வெட்டிப் பிழைத்த மூத்த தலைமுறை, பத்தே ஆண்டுகளுக்குள் இரண்டு விதிகளைக் கண்டது. ஒன்று, பேர் எழுதப்படாமல் சாவது. மற்றொன்று, பேர் எழுதப்பட்டு அடைபடுவது. முன்னது ஜப்பான் காலத்தில், பின்னது அவசரகாலத்தில். போரில் இடம்பெயர்ந்தவர்களைப் பதிவு செய்வது பற்றி உலகம் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும்தான் நினைவுக்கு வருகின்றன. அகதி முகாம் எதையும் பார்க்காமலே இந்தக் கேள்வியின் இரு முனைகளையும் தொட்டவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்.

முதலில் சயாம் ரயில். 1942, 43-ல் சயாம்-பர்மா ரயில்பாதை போட ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டம் கூட்டமாக ரயிலேற்றினார்கள். சிலர் நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போனார்கள், பலரை லயத்திலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் தண்டவாளம் 1943 அக்டோபரில் ஒன்றுசேர்ந்தது. இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனால், நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக, புல்வெளியில் வரிசை பிசகாமல் இருக்கின்றன. பேர், படைப்பிரிவு, வயது, இறந்த தேதி எல்லாம் கல்லில் இருக்கும். அதே பாதையில் அதைவிடப் பன்மடங்கு செத்த தமிழ்த் தொழிலாளிக்கு அப்படி ஒரு வரிசை கிடையாது. எத்தனை பேர் என்பதுகூடப் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது.

காரணத்தை மனிதநேயக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட முடியாது, அதில் ஒரு சாதாரணக் கணக்கு விஷயமும் இருக்கிறது. சிப்பாய்க்குப் பின்னால் ஒரு ராணுவப் பேரேடு இருந்தது. அவன் எங்கே செத்தாலும் யாரோ ஓர் அதிகாரி அவன் எண்ணைக் குறித்து வைத்தான், போர் முடிந்ததும் அந்தக் குறிப்பை வைத்துத் தேடினார்கள். தொழிலாளிக்கு இருந்ததெல்லாம் தோட்டத்துக் கிராணியின் செக்ரோல். அதில் பேர் இருப்பது வேலைக்கு வந்த நாளுக்குச் சம்பளம் போடுவதற்கு. ரயிலேறிய அன்றோடு அந்தக் கணக்கு முடிந்தது. காடு, காலரா, பட்டினி எல்லாம் அதற்கு அப்பால் நடந்தவை.

பேர் எழுதப்படாமல் இருப்பது எப்படிப்பட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆகவே பதிவேடு என்றாலே பொல்லாதது என்று பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வாரத்துக்குள் நாடு முழுக்க அவசரகாலம். அரசாங்கம் எடுத்த முதல் காரியங்களில் ஒன்று எல்லோரையும் பதிவு செய்வது. 12 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டி, பெருவிரல் ரேகை வாங்கி ஓர் அடையாள அட்டை. இன்று நாம் பாக்கெட்டில் வைத்திருக்கும் ஐ.சி.யின் பாட்டன் அதுதான். நாட்டின் முதல் அடையாள அட்டை பிறந்தது குடிமகனுக்குச் சலுகை கொடுப்பதற்காக அல்ல. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட் கொரில்லாவையும் வெளியே இருப்பவனையும் பிரித்துப் பார்ப்பதற்காக. காட்டுக்குள் இருந்தவர்களுக்கும் இது புரிந்துவிட்டது. தொழிலாளர்களிடமிருந்து அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார்கள். ராத்திரி ஒருவன் வந்து அட்டையைப் பறித்துக்கொண்டு போனால், மறுநாள் காலை இன்னொருவன் வந்து அட்டை எங்கே என்று கேட்பான். இரண்டு பேர் கையிலும் துப்பாக்கி.

அவசரகால நடவடிக்கைகளை நடத்த 1950-ல் வந்த சர் ஹரோல்டு பிரிக்ஸ் பதிவோடு வேலியைச் சேர்த்தார். காட்டோரத்தில் குடியிருந்தவர்களைப் பெயர்த்துப் புதுக்கிராமங்களுக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து லட்சம் பேருக்கு மேல், பெரும்பாலும் சீனர்கள். கிள்ளானில் பண்டமாரான், கோலாலம்பூரில் ஜிஞ்சாங் எல்லாம் அப்படி உண்டானவை. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் அவ்வளவாக இல்லாதது தோட்டங்களில் நடந்தது. ஒரே தோட்டத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களைக் காலி செய்து, எல்லோரையும் ஓரிடத்தில் குவித்து, சுற்றிலும் முள்கம்பி போட்டு, வாசலில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளை நிறுத்தினார்கள். தோட்டம், ஈயச்சுரங்கம் எல்லாம் சேர்த்து இப்படிக் குவிக்கப்பட்டவர்களும் புதுக்கிராமத்துக்குப் போனவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். மலாயா இந்தியர்களின் வரலாற்றை எழுதிய கெர்னியல் சிங் சாந்து இந்த இடமாற்றத்தையும் ஆராய்ந்தார். இரு வகையினரையும் கூட்டினால் பத்து லட்சத்தைத் தாண்டும். தோட்டத்து வகையில் கணிசமானவர்கள் நம்மவர்கள்.

கம்பிக்குள் இருந்த வாழ்க்கை சோற்றைச் சுற்றியே ஓடியது. அரிசி அளந்துதான் கிடைக்கும். கடையில் டின் சாமான் வாங்கினால் அங்கேயே டின்னில் ஓட்டை போட்டுத் தருவார்கள், சேமித்துக் காட்டுக்குக் கொடுக்க முடியாதபடி. விடியலில் பெரட்டு முடிந்து மரம் வெட்டப் போகும்போது வாசலில் சோதனை, பெண்களுக்கும்தான். பசியாற ஒரு பிடிச் சோறு மறைத்துக் கொண்டுபோனால் அது சட்ட விரோதம். பால் எடுத்துத் திரும்பி வரும்வரை வெறும் வயிறு. பொழுது சாய்ந்தால் ஊரடங்கு.

இவர்களை யாரும் இடம்பெயர்ந்தவர்கள் என்று சொல்லவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. எனக்கு இதில்தான் பெரிய பொருள் இருப்பதாகப் படுகிறது. அரசாங்கத்தின் பார்வையில் எதுவும் பெயரவில்லை. அதே தோட்டம், அதே துரை, அதே மரம். லயம் மட்டும் இரண்டு மைல் தள்ளிப் போயிருக்கிறது. லயமோ தொழிலாளியின் சொத்தே அல்ல. அப்படியானால் அவன் இழந்தது என்ன? வீட்டுக்குப் பின்னால் வைத்த வாழை, கட்டிய மாடு, ஆற்றோரம் போட்ட மரவள்ளி, லயத்து முனையில் நட்டுவைத்த முனியாண்டி. இவற்றுக்கு எந்தப் பாரத்திலும் கட்டம் இல்லை. பாரத்தில் கட்டம் இல்லாத இழப்பை ஆள் இழந்ததாகவே யாரும் எண்ணுவதில்லை. சில காலம் போனால் அவனே எண்ணுவதில்லை. நம் பெரியவர்கள் ‘கம்பிக்குள்ள இருந்தோம்’ என்று சொல்வார்களே தவிர, ‘பெயர்த்துவிட்டார்கள்’ என்று சொல்லிக் கேட்பது அபூர்வம்.

இதற்குப் பின் வந்ததுதான் எரிச்சலூட்டுவது. மெர்டேக்கா வந்தது, அரசியலமைப்பு வந்தது. மெர்டேக்கா நாளில் இங்கே குடியிருந்த வெளிநாட்டுப் பிறப்புக்காரர் பதிவு செய்து குடியுரிமை பெற, முந்திய 12 ஆண்டில் 8 ஆண்டு இங்கேதான் இருந்தேன் என்று காட்ட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தோட்டத்தைத் தாண்டிப் போகாதவர்கள், அவசியம் என்று யாரும் எடுத்துச் சொல்லாதவர்கள் பலர் விட்டுவிட்டார்கள். குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு ஐ.சி.யோடு நின்றார்கள். 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது ஆயிரக்கணக்கில் கப்பலேறி ஊருக்குப் போனார்கள். கவனியுங்கள்: 1951-ல் இந்த ஆள் எந்த வேலிக்குள் எந்த லயத்தில் படுக்கிறான், வாரத்துக்கு எவ்வளவு அரிசி வாங்குகிறான் என்பது வரை எழுதி வைத்திருந்த நிர்வாகம், சில ஆண்டுகள் கழித்து அவனையே பார்த்து, நீ இங்கே இருந்தாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டது. அவனைக் கட்டுப்படுத்தத் தேவையான தகவல் எல்லாம் அதனிடம் இருந்தது. அவனுக்கு உதவ அதே தகவல் பயன்படவில்லை. 2011-ல் மைடஃப்தார் என்று இயக்கம் நடத்தி ஆவணமில்லாத இந்தியர்களைத் தேட வேண்டியிருந்தது. நாடு விடுதலையாகி 54 ஆண்டுகள் கழித்து!

இந்த முரண்பாடு நமக்கு மட்டும் உரியதல்ல. பிரிக்பீல்ட்ஸில் ஈழத்து வேர் கொண்ட குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கின்றன. பின்னால் வந்தவர்கள் ஐ.நா. அகதிகள் அட்டையோடு இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் நாளைக் கடத்துகிறார்கள். எல்லையைக் கடந்தவருக்கு அந்த அட்டையாவது உண்டு, மலேசியச் சட்டம் அதற்கு அந்தஸ்து கொடுக்காவிட்டாலும். கடக்காமல் உள்நாட்டிலேயே ஓடியவருக்கு யார் சாட்சி? 2009-ல் இலங்கைப் போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வந்தவர்களை வவுனியா செட்டிகுளத்தில் மெனிக் பாமில் வைத்தார்கள். மற்ற முகாம்களையும் சேர்த்தால் இரண்டே முக்கால் லட்சம் பேருக்கு மேல். முகாமின் வலயங்களுக்கு ராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர் என்று தமிழ்ப் பெரியோரின் பேர்களையே வைத்தார்கள். இந்தக் கிண்டலை யார் யோசித்தார்களோ தெரியாது. முகாமுக்கு அரசு வைத்த பேர் நலன்புரி நிலையம். பதிந்தால் நிவாரணம் உண்டு, ஆனால் வெளியே போக முடியாது. அந்த ஆண்டு டிசம்பர் வரை முள்கம்பி திறக்கவில்லை. அவசரகாலத்து மலாயாத் தோட்டத்தை வரைபடமாக வைத்துக் கட்டியது போல இருந்தது.

மெனிக் பாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறிய கேப்பாப்பிலவுக் குடும்பங்களைச் சொந்த ஊருக்கு அனுப்பவில்லை, அங்கே ராணுவம் இருந்தது. பக்கத்தில் காடு வெட்டி ஒரு மாதிரிக் கிராமம் அமைத்து அதில் இறக்கிவிட்டு, மீள்குடியேற்றம் நிறைவு என்று அறிவித்தார்கள். பட்டியலில் அவர்கள் இனி இடம்பெயர்ந்தவர்கள் அல்லர். 2017-ல் சாலையோரம் குந்தியிருந்து போராடிய பிறகுதான் நிலம் பகுதி பகுதியாகத் திரும்ப ஆரம்பித்தது. 1990 அக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களின் கதையும் இதற்குக் கிட்டத்தட்ட உறவுதான். புத்தளத்தில் பேரைப் பதிந்தால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உரிமை போய்விடுமோ என்ற அச்சத்தோடு அவர்கள் இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார்கள். ஓரிடத்தில் எழுதப்படும் பேர் இன்னோரிடத்தில் அழிகிறது என்பது வெறும் பிரமை அல்ல.

உக்ரைனில் 2014-க்குப் பின் நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். போர்க்கோட்டுக்கு அப்பால் இருந்த முதியவர் தாம் உழைத்துச் சம்பாதித்த ஓய்வூதியத்தை வாங்க, இடம்பெயர்ந்தவர் என்று அரசாங்கத்தின் பக்கம் வந்து பதிய வேண்டியிருந்தது. பதிந்த விலாசத்தில் ஆள் இருக்கிறாரா என்று சோதிக்க அதிகாரி வருவார். நீண்ட நாள் வெளியே போனால் பணம் நிற்கும். தன் வீட்டைப் பார்த்துவரப் போவதே குற்றம் போலாகிவிட்டது.

இவை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. அரசாங்கத்தின் பேரேடு கேட்பது, இப்போது நீ எங்கே இருக்கிறாய் என்று. இடம்பெயர்ந்தவனிடம் சொல்வதற்கு இருப்பதோ, நான் எங்கிருந்து வந்தேன், அங்கே எனக்கு என்ன இருந்தது என்பது. முதல் கேள்வி ஆளைக் கண்காணிக்க உதவும், சோறு போடவும் உதவும். இரண்டாவது கேள்விதான் அவனைத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்க்கும். போர் நேரத்தில் முதல் கேள்விக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார்கள், இரண்டாவதற்கு ஒரு வரி. அந்த ஒரு வரியும் ஆறு மாதத்தில் அழிந்துபோகும்.

சட்டமும் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. சூடானைச் சேர்ந்த பிரான்சிஸ் டெங் முன்நின்று ஐ.நா. 1998-ல் வெளியிட்ட வழிகாட்டும் கோட்பாடுகளில், உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர் என்பது ஒருவர் விண்ணப்பித்து வாங்கும் அந்தஸ்து அல்ல. அவர் நிலைமையைச் சொல்வது, அவ்வளவுதான். கொலம்பியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் இன்னும் பச்சையாகவே சொன்னது: இடம்பெயர்வு நடந்துபோன ஒரு காரியம், பதிவேடு அதை அறிவிக்கிறது, உண்டாக்குவதில்லை. பட்டியலில் பேர் இல்லை என்பதால் ஒருவன் இழக்காதவன் ஆகிவிட மாட்டான் என்பது இதன் பொருள். பட்டியலிலிருந்து அடித்துவிட்டதால் வீடு திரும்பியவன் ஆகிவிடவும் மாட்டான். கேப்பாப்பிலவுக்கும் காப்பார்த் தோட்டத்து வேலிக்கும் இது ஒருசேரப் பொருந்தும்.

பதிவு செய்யாதே என்று நான் சொல்லவில்லை. சயாம் காடு அந்த வாதத்தை முடித்துவிட்டது. பதி, ஆனால் உன் கணக்கை அவர்கள் ஏட்டில் மட்டும் விட்டுவைக்காதே என்கிறேன். ஏடு யார் கையில் இருக்கிறதோ அவர் கேட்கும் கேள்விக்குத்தான் அதில் பதில் இருக்கும்.

1948-ல் 12 வயதில் அட்டை வாங்கியவர் 1936-ல் பிறந்தவர். தொண்ணூறை ஒட்டிய அந்த வயதில் நம் வீடுகளில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஜாலான் ஆக்கோப், வலம்புரோசா, நார்த் ஹம்மக் என்று எந்தத் தோட்டமானாலும், கம்பி போடுவதற்கு முன் உங்கள் லயம் எங்கே இருந்தது, பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், கொல்லையில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி, கீழே அவர் பெயரையும் எழுதி வையுங்கள். அந்தக் கேள்வியை எந்த இலாகாவும் அவர்களிடம் இதுவரை கேட்கவில்லை.