கையும் மனமும்

"கொன்றவன் கொன்றவன்தானே? அவனுக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால் செத்தவன் எழுந்து வந்துவிடுவானா?"

பத்திரிகையில் ஏதோ ஒரு வழக்கின் தீர்ப்பைப் படித்துவிட்டு வந்த நண்பர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவர் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. இதே கேள்வியை ஒரு மகாராணியே கேட்டிருக்கிறாள்.

1843-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதி. லண்டன் வீதியில் எட்வர்ட் டிரம்மண்ட் என்பவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். பிரதம மந்திரி ராபர்ட் பீலின் அந்தரங்கக் காரியதரிசி அவர். பின்னாலிருந்து ஒருவன் கைத்துப்பாக்கியால் சுட்டான். ஐந்தாம் நாள் டிரம்மண்ட் இறந்துபோனார். சுட்டவன் டேனியல் மக்நாட்டன்; கிளாஸ்கோ நகரத்தில் மரக் கடைசல் வேலை செய்தவன். ஆளும் டோரிக் கட்சியார் தன்னைப் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்து வதைக்கிறார்கள் என்பது அவன் நம்பிக்கை. பிரதமர் என்று எண்ணித்தான் காரியதரிசியைச் சுட்டுவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். மருத்துவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். அவன் சித்தம் கலங்கியவன், ஆகவே குற்றவாளியல்ல என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள்.

ஊர் கொதித்தது. விக்டோரியா மகாராணியும் கொதித்தாள். 1840-இல் அவள் வண்டியை நோக்கியே ஒருவன் சுட்டிருந்தான். அவனும் பித்தன் என்றே தீர்ப்பாயிருந்தது. பிரபுக்கள் சபை நீதிபதிகளை அழைத்து விளக்கம் கேட்டது. 'மன நோயினால், தான் செய்வது இன்னதென்று அறியாதவனும், அறிந்தாலும் அது தவறென்று அறியாதவனும் குற்றவாளியல்ல' என்பது அவர்கள் சொன்ன பதிலின் சாரம். நம் நாட்டில் 1860-இல் வந்த தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவும் ஏறக்குறைய இதையே சொல்லிற்று. 2024 முதல் புதிய சட்டத்தில் அது 22-ஆவது பிரிவு.

மகாராணியின் மனம் மட்டும் ஆறவில்லை. 1882-இல் இன்னொருவன் அவளைச் சுட்டான், குறி தவறியது. மறுபடியும் அதே தீர்ப்பு. சுட்டதை எல்லோரும் கண்ணால் கண்டிருக்க, அவன் எப்படிக் குற்றவாளியல்லாமல் போவான் என்று அவள் கேட்டாள். அவளுக்காக 1883-இல் தீர்ப்பின் வாசகத்தையே மாற்றினார்கள்: 'குற்றவாளி, ஆனால் பித்தன்.' இங்கிலாந்தில் 1964 வரை இந்த வாசகம் இருந்தது.

சற்று யோசித்துப் பாருங்கள். குற்றம் கையில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா? ஏழு வயது நிரம்பாத குழந்தை எதைச் செய்தாலும் குற்றமல்ல என்கிறது நம் சட்டம். இதைக் கேட்டு யாரும் கோபிப்பதில்லை. பித்தனிடம் மட்டும் ஏன் கோபம்? அவன் நம்மைப் போலவே வளர்ந்த ஆளாகத் தெரிகிறான். நாளைக்குக் கெட்டிக்காரக் கொலைகாரன் ஒருவன் பித்தன் வேஷம் போட்டுவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பயம் சட்டத்துக்கும் உண்டு. அதனால்தான் எவனையும் தெளிந்த புத்தியுள்ளவன் என்றே அது முதலில் கொள்கிறது. இல்லையென்று காட்டும் பாரம் கூண்டில் நிற்பவனுடையது. என்றோ ஒரு நாள் பித்துப் பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. அந்தச் செயலைச் செய்த நேரத்தில் அறிவு மயங்கியிருக்கவேண்டும்.

"நீ தவறு செய்தாய்" என்று ஒருவனைத் தண்டிக்கும்போது நாம் அவனுடைய மனச்சாட்சியோடு பேசுகிறோம். கேட்டுக்கொள்ள உள்ளே ஆள் இல்லாதபோது அந்தத் தண்டனை யாருக்காக? நம்முடைய ஆத்திரம் தீர்வதற்காக என்றுதான் சொல்லவேண்டும். கல் தடுக்கி விழுந்தவன் கல்லை உதைப்பது போன்ற காரியம் அது. இங்கே வலி மாத்திரம் இன்னொரு மனிதனுக்கு.

விடுதலை என்ற சொல்லும் நம்மை ஏமாற்றுகிறது. மக்நாட்டன் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் பெத்லெம் மருத்துவமனை, பிறகு பிராட்மூர். 1865-இல் சாகும்வரை இருபத்திரண்டு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தான். ஊரைக் காப்பதற்காக அவனை அடைத்து வைத்தது வேறு. பாவி என்று முத்திரையிடுவது வேறு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நண்பரைப் பார்த்தேன். "எல்லாம் சரிதான். செத்தவனுடைய தாயாரிடம் போய் இதைச் சொல்வீரா?" என்று கேட்டார்.

சொல்லமாட்டேன். அவள் முன்னால் எனக்கு வாய் வராது. அவள் மகன் போனது போனதுதான். 'குற்றவாளியல்ல' என்ற தீர்ப்பு, ஒன்றுமே நடக்கவில்லை என்று அவளிடம் சொல்வதாக ஆகிவிடக் கூடாது. அவள் துக்கத்தில் நாம் பங்குகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்தத் துக்கத்துக்கு ஈடாக, தான் செய்தது இன்னதென்று அறியாத ஒருவனைத் தூக்குமேடைக்கு அனுப்பினால், அவளுக்கு மகன் கிடைக்கப் போவதில்லை. இன்னொரு தாயும் அழுவாள்.