தனித்திருப்போரும் தண்ணீர் சுமப்போரும்

பாலைவனம் என்றதும் நம் உள்ளத்தில் எழுவது தனிமை. ஓசையில்லை, ஊரில்லை, கண்ணுக்கெட்டிய வரை மணலும் கல்லும் வானமுமே தென்படும். உலகை வெறுத்தோரும், மெய்ப்பொருளை நாடியோரும், தம்மையே தாம் அறிய விழைந்தோரும் தொன்றுதொட்டு அத்தனிமையைத் தேடிச் சென்றிருக்கின்றனர். அவர்தம் தவத்தைப் புகழ்ந்துரைக்கும் ஏடுகள் பல உண்டு. ஆயின், அவர்கள் அங்கே கண்மூடி அமர்ந்திருந்த காலத்தில் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தவர் யார் என்று கேட்போர் மிகச் சிலரே.

இவ்வினா அற்பமானதன்று. பாலையில் ஒருவர் நாற்பது நாள் கண்மூடி இருக்க வேண்டுமாயின், மற்றொருவர் அந்நாற்பது நாளும் கண்விழித்திருக்க வேண்டும். நீர்த்தொட்டி வற்றியதா, மாவு தீர்ந்ததா, எவருக்கேனும் காய்ச்சல் கண்டதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவருடைய மௌனம் இன்னொருவருடைய உழைப்பின்மீது நிற்கிறது. அந்த இன்னொருவருடைய கடமை எது, அதன் எல்லை எது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள். இதற்குப் பௌத்தர்களின் தியான மடங்களை எடுத்துக்கொள்கிறேன். துறவையும் நிர்வாகத்தையும் ஒரே கூரையின்கீழ் நெடுங்காலம் நடத்திப் பழகியவர்கள் அவர்கள். அன்றியும், அண்மைக் காலத்தில் அவர்களைச் சேர்ந்த ஒரு பாலை மடத்தில் நேர்ந்த துயரம், இவ்வினாவை நம் முன் கூர்மையாக நிறுத்துகிறது.

முதலில் பழங்காலத்தைப் பார்ப்போம். சீன நாட்டின் வடமேற்கே, கோபிப் பாலையின் விளிம்பில் டுன்ஹுவாங் என்னும் ஊர் உள்ளது. அதனருகே உள்ள குன்றில், கி.பி. 366ஆம் ஆண்டு ஒரு துறவி முதற் குகையைக் குடைந்தார் என்பது மரபு. பின்னர் ஆயிரம் ஆண்டுகள் குகைகள் பெருகின. ஓவியம் தீட்டப்பட்ட குகைகள் ஏறத்தாழ ஐந்நூறு இன்றும் எஞ்சியுள்ளன. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்ட ஓர் அறை 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது, பல்லாயிரம் சுவடிகள் வெளிப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை மறைநூற் பிரதிகள். அவற்றோடு கலந்து கிடந்தன மடங்களின் வரவு செலவுக் கணக்குகள். இத்தனை தானியம் வந்தது, இத்தனை எண்ணெய் விளக்குக்குச் சென்றது, இத்தனை துணி எஞ்சியது என்று எவரோ ஒருவர் பொறுமையாய் எழுதி வைத்திருக்கிறார். சுவரில் தீட்டப்பெற்ற புத்தர்களைக் காண உலகம் திரண்டு செல்கிறது. அச்சுவரைக் காட்டிய விளக்கின் எண்ணெய்க்குக் கணக்கெழுதியவர்தம் பெயரைக் கேட்பார் இல்லை. அவர் இல்லையேல் விளக்கும் இல்லை.

இக்கணக்கரைப் பௌத்த அறிஞர்களே மறந்துவிடவில்லை என்பதும் கூறத்தக்கது. ஜப்பானியத் துறவி டோகென் 1223ஆம் ஆண்டு கல்வி நாடிச் சீனத்திற்குக் கப்பலேறினார். கப்பல் துறைமுகத்தில் நின்றிருந்தபோது, வயது முதிர்ந்த துறவி ஒருவர் காளான் வாங்க வந்தார். அசோக மன்னரின் பெயரால் அமைந்த மலை மடம் ஒன்றின் சமையற்காரர் அவர். டோகென் அவரை இரவு தங்கிச் செல்லுமாறு வேண்டினார். நாளை மடத்தில் விருந்து. தாம் இல்லாவிடில் ஆகாது என்று முதியவர் மறுத்தார். இந்த வயதில் தியானமும் நூலாய்வும் செய்யாமல் அடுப்படியில் ஏன் அல்லற்பட வேண்டும் என்று இளைஞர் கேட்டார். முதியவர் நகைத்து, வெளிநாட்டு நண்பருக்குத் துறவு இன்னதென்று இன்னும் விளங்கவில்லை என்னும் பொருள்பட விடையளித்துச் சென்றுவிட்டார். அந்நகைப்பை டோகென் மறக்கவில்லை. 1237ஆம் ஆண்டு அவர் மடத்துச் சமையற்காரர்க்கென்றே தனிநூல் ஒன்று இயற்றினார்.

நம் வரலாற்றிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு தோழர்கள் பயணம் சென்ற ஒரு கடும் வெயில் நாளில், சிலர் நோன்பு நோற்றிருந்தனர், சிலர் நோற்கவில்லை. தங்குமிடம் சேர்ந்ததும் நோன்பாளிகள் களைத்துச் சாய்ந்தனர். மற்றவர்கள் எழுந்து கூடாரம் அடித்தனர். ஒட்டகங்களுக்கு நீர் காட்டினர். அன்று நன்மையை அள்ளிச் சென்றவர்கள் அப்பணியாளர்களே என்று நாயகம் (ஸல்) அவர்கள் மொழிந்த செய்தி ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. வணக்கத்தில் இருப்போர்க்குப் பணிபுரிவதும் வணக்கமே என்பதில் இரு சமயத்தாரும் ஒன்றுபடுகின்றனர்.

இதுவரை எளிது. பணியாளரைப் புகழ்வதில் எவருக்கும் தயக்கமில்லை. கடினமான பகுதி இனித்தான் வருகிறது. பணிபுரிவோர் கையில் பணி மட்டும் இல்லை. வாயிற்கதவின் திறவுகோலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. உள்ளே விடுவோரும் அவர்களே. வெளியே அனுப்புவோரும் அவர்களே.

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்துத் தென்கிழக்கே, போவி என்னும் சிற்றூரை அடுத்த பாலைமலைப் பகுதியில், திபெத்திய பௌத்த நெறியைத் தழுவிய அமெரிக்கர்கள் தியான மடம் ஒன்றை அமைத்தனர். அதன் முதல் ஆசிரியர், நமக்கு அண்மையில் கருநாடகத்தின் பைலகுப்பேயில் மறுபடி நிறுவப்பெற்ற சேரா மடத்தில் கற்றுப் பட்டம் பெற்றவர். 2010ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே ஒரு பெரிய தவம் தொடங்கியது. ஏறத்தாழ நாற்பது பேர் மூன்று ஆண்டு, மூன்று மாதம், மூன்று நாள் உலகத் தொடர்பின்றி மௌனமாய்த் தனிக்குடில்களில் இருப்பது என்று உறுதி பூண்டனர். வெளியே ஒரு நிர்வாகக் குழு. உணவு, நீர், மருந்து, பணம், சட்டம் ஆகிய அனைத்தும் அக்குழுவின் பொறுப்பு.

தவத்திற்குத் தலைமை தாங்கிய பெண்மணி 2012 பிப்ரவரியில் நிகழ்த்திய ஓர் உரையில், தமக்கும் தம் கணவருக்கும் இடையே நேர்ந்த வன்செயலையும் அவர்மீது தாம் கத்தியால் ஏற்படுத்திய காயத்தையும் பற்றிப் பேசினார். நிர்வாகக் குழு ஆராய்ந்தது. இருவரும் மடத்தை விட்டு நீங்க வேண்டும் என்று தீர்மானித்தது. பயணத்துக்குரிய உதவியும் அளிக்க முன்வந்தது. இருவரும் நீங்கினர். ஆனால் ஊருக்குச் செல்லவில்லை. மடத்திற்கு அண்மையிலேயே உள்ள மலைக்குகை ஒன்றில் புகுந்து தங்கள் தவத்தைத் தொடர்ந்தனர். அவர்கள்பால் அன்புடைய சிலர் மறைவாக உணவும் பொருளும் கொண்டுபோய்க் கொடுத்தனர். நாளடைவில் இருவரும் நோயுற்றனர். 2012 ஏப்ரலில் உதவி கோரும் அழைப்பு வந்து மீட்புக் குழுவினர் குகையை அடைந்தபோது, 38 வயதினரான அக்கணவர் உயிர் நீத்திருந்தார். உடலில் நீர் வற்றிப் போனதே காரணம் என்று அதிகாரிகள் கருதினர். மடத்தில் எஞ்சியோர் தவத்தைத் தொடர்ந்தனர்.

இனி நீதியை ஆராய்வோம். நிர்வாகக் குழு குற்றவாளியா?

அவர்கள் தரப்பில் சொல்லத்தக்கவை வலியவை. வன்செயல் நேர்ந்த செய்தி காதில் விழுந்த பின்னும் வாளாவிருந்தால், எஞ்சிய பலரின் பாதுகாப்பிற்கு யார் பொறுப்பு? அவர்கள் அனைவரும் நிர்வாகத்தை நம்பி உள்ளே அமர்ந்தவர்கள். அவர்கள் ஒரு பெரிய அமானத். மேலும், நீங்கியவர்கள் குழந்தைகள் அல்லர். அறிவறிந்த ஆடவரும் பெண்டிரும். வழிச்செலவுக்கு உதவி கிடைத்தும் வழி செல்லாமல் குகை புகுந்தது அவர்கள் தேர்வு. பிறர் தேர்வின் விளைவை நிர்வாகியின் தலையில் சுமத்துவது நீதியாகாது.

இவ்வாதத்தை நான் மதிக்கிறேன். எனினும் அது முழுமையானதன்று. ஓர் ஆண்டுக்கு மேல் மௌனத்திலும் தனிமையிலும் இருந்தவர், உள்ளே நுழைந்த நாளில் இருந்த அதே மனிதர் அல்லர். தனிமை மனத்தைத் தெளிவிக்கும். சிலரிடத்தில் அதே தனிமை மனத்தைக் குலைக்கவும் செய்யும். கல்வத்தில் அமர்வோர் தேர்ந்த ஷைகின் கண்காணிப்பு இன்றி அமரலாகாது என்று நம் சூஃபிப் பெரியோர் வலியுறுத்தியதற்கும் இதுவே காரணம். ஆகவே, வாயிலில் நிற்பவர் 'இவர் தாமே முடிவு செய்தார்' என்று சொல்லுமுன், முடிவு செய்யும் அந்த மனத்தை இந்நிலைக்குக் கொணர்ந்ததில் இவ்வில்லத்திற்கும் பங்குண்டு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தான் உண்டாக்கிய நிலைக்கு ஓர் இல்லம் வேலிக்கு வெளியேயும் பொறுப்புடையது.

மறைவாக உதவியவர்களையும் இங்கே மறந்துவிடலாகாது. அவர்கள் உள்ளம் இரக்கமுள்ள உள்ளம் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்விரக்கம் வாய் திறக்கவில்லை. உணவை எடுத்துச் சென்ற கால்கள் செய்தியை உரிய இடத்திற்கு எடுத்துச் செல்லவில்லை. விதியைக் காத்தவர்களிடம் செய்தி இல்லை. செய்தி அறிந்தவர்கள் விதிக்கு அஞ்சினர். இவ்விரு சாராருக்கும் நடுவே ஓர் உயிர் தாகித்துப் போயிற்று. தீயவர் எவரும் இல்லாமலேயே தீமை நேரக்கூடும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுமோ?

பௌத்தர்களின் பழைய விநய நூலிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஒரு மடத்தில் வயிற்றுப்போக்கால் நலிந்த துறவி ஒருவர் தம் கழிவிலேயே வீழ்ந்து கிடந்தார். புத்தர் அவ்வழியே வந்து, ஏன் உம்மை எவரும் கவனிக்கவில்லை என்று வினவினார். தாம் பிறருக்குப் பயன்படாதவர் என்பதால் பிறர் தம்மைக் கவனிக்கவில்லை என்றார் நோயாளி. புத்தர் தம் சீடர் ஆனந்தரை நீர் கொண்டுவரச் செய்தார். புத்தர் நீர் வார்க்க, ஆனந்தர் உடலைக் கழுவினார். பின்னர் துறவிகளைக் கூட்டி, தாயும் தந்தையும் உடன் இல்லாத நீங்கள் ஒருவரையொருவர் பேணாவிடில் வேறெவர் பேணுவார் என்னும் கருத்தினை எடுத்துரைத்தார். அந்நோயாளியால் மடத்திற்குப் பயன் ஏதும் இல்லை. ஆயினும் கையில் நீரோடு முதலில் சென்றவர் தலைவரே.

இவற்றையெல்லாம் பிறருக்குச் சொல்லும் தகுதி எனக்குண்டோ என்று கேட்டால், தயங்கித்தான் விடை சொல்ல வேண்டும். இளமையில் நான் ஒரு மதரஸாவின் விடுதிப் பொறுப்பில் இருந்தேன். விதியைப் பலமுறை மீறிய மாணவன் ஒருவனை நீக்குவதென முடிவாயிற்று. நானும் கையொப்பமிட்டேன். அஸர் தொழுகைக்குப் பின் அவன் தன் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாயிலைக் கடந்தான். இரவு இஷாவுக்குப் பின் சமையற்காரர் என் அறை வாயிலில் வந்து நின்றார். "ஹஜ்ரத், அந்தப் பிள்ளை ஊர் போய்ச் சேர்ந்திருப்பானா?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. அவ்வினா எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் என்னைச் சுட்டது. மறுநாள் விடியலில் அவரே சென்று பார்த்தார். பேருந்து நிலையத்துப் பலகையில் அப்பிள்ளை சுருண்டு கிடந்தான். கஞ்சி வாங்கிக் கொடுத்து, தம் கைக்காசில் சீட்டெடுத்து, அவனை ஊருக்கு அனுப்பிவிட்டு வந்துதான் அவர் அடுப்பை மூட்டினார். எங்கள் தீர்மானத்தில் பிழை இருந்ததாக நான் இன்றும் கருதவில்லை. தீர்மானத்தோடு எங்கள் கடமை தீர்ந்துவிட்டது என எண்ணியதே பிழை.

அரிஸோனாப் பாலையின் நிர்வாகிகளை நான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. அவர்கள் செய்தது என்னினும் மேலானது, வழிச்செலவையேனும் எண்ணினார்கள். ஆயினும் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். வெளியே அனுப்புவது சில வேளைகளில் கடமை. வெளியே சென்றவர் சேர வேண்டிய இடம் சேர்ந்தாரா என்று உறுதி செய்வதும் அக்கடமையின் மறுபாதி. முதற்பாதியை ஏட்டில் பதியலாம்; கூட்டத்தில் நிறைவேற்றலாம். மறுபாதிக்கு எவரேனும் ஒருவர் எழுந்து நடந்து சென்று பார்த்தாக வேண்டும்.

நம்மிடையேயும் இல்லங்கள் பல. ஓதும் பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிறோம். அநாதைகளுக்கு நிலையம் நடத்துகிறோம். ரமளானின் இறுதிப் பத்தில் இஃதிகாஃப் இருப்போர்க்குச் சஹர் உணவு சமைக்கிறோம். அங்கெல்லாம் விதிகள் வேண்டும்; கணக்குகள் வேண்டும்; சில வேளை கதவடைப்பும் வேண்டும். அவற்றை ஏற்று நடத்துவோர் தம் ஏட்டில் இன்னொரு கட்டமும் வரைந்து வைத்துக்கொள்ளட்டும். நீங்கியவர் பெயருக்கு எதிரே, அவர் போய்ச் சேர்ந்த இடமும், அதை உறுதி செய்து வந்தவர் பெயரும் அதில் எழுதப்படட்டும். அக்கட்டம் வெறுமையாய் இருக்கும் வரை அன்றைய கணக்கு முடியவில்லை என்றே கொள்ள வேண்டும்.