இழப்பீடு: விலையா, கருணையா, கடனா?

உழைப்புக்குக் கூலி உண்டு என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், அவ்வுழைப்பின் வழியே தொழிலாளியின் உடலில் குடியேறிவிட்ட நோய்க்கு என்ன உண்டு என்று வினவினால், விடைகள் பலவாகின்றன. “அவன் தலைவிதி” என்பார் சிலர். “பாவம், ஏதேனும் பார்த்துக் கொடுக்கலாம்” என்பார் வேறு சிலர். “சட்டக் கணக்குப்படி எவ்வளவோ அவ்வளவு கொடுத்து முடித்துவிடலாம்” என்பார் இன்னும் சிலர். முதல் விடை நோயை விதியாக்குகிறது. இரண்டாவது விடை இழப்பீட்டைக் கருணையாக்குகிறது. மூன்றாவது விடை அதனை விலையாக்குகிறது. இம்மூன்றினும் வேறான விடை ஒன்று உண்டு. முதலாளி தொழிலாளிக்குப் பட்ட கடன் அது என்பதே அவ்விடை. அறத்தின் பாற்பட்டது அவ்விடையே என்பது என் துணிபு.

பெங்களூரில் வாழும் தமிழராகிய நமக்கு இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினா அன்று. நம் நகரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் கோலார் தங்கவயல் இருக்கிறது. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் அங்கே கால் ஊன்றியது. 2001 பிப்ரவரி 28 அன்று, பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தபோது, சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் எடுக்கப்பட்ட பொன் ஏறத்தாழ எண்ணூறு டன் என்பர். அப்பொன்னை வெட்டி எடுத்த கைகளுள் பெரும்பாலானவை வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த தமிழர் கைகள். மூன்று கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில், பாறையின் வெப்பத்தில், அவர்கள் உழைத்தனர். அவர்களுடைய மக்களும் பேரன்மாரும் இன்று நாள்தோறும் மாரிக்குப்பம் இரயிலில் நம் நகருக்கு வேலைக்கு வருகின்றனர். பலர் நம் அண்டை வீட்டினராகவே ஆகிவிட்டனர்.

பாறையைத் துளையிடும்போது எழும் தூசியில் சிலிக்கா என்னும் பொருள் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத அதன் நுண்துகள்கள் மூச்சோடு கலந்து நுரையீரலின் காற்றறைகளில் தங்கிவிடுகின்றன. அவை தங்கிய இடம் தழும்பாகித் தடிக்கிறது, மூச்சு சுருங்குகிறது. இதுவே சிலிகோசிஸ். இதனை முற்றிலும் போக்கும் மருந்து இன்றளவும் இல்லை. தூசியைவிட்டு விலகிய பின்னரும் நோய் வளர்ந்துகொண்டே போகும். காசநோயும் இதனோடு எளிதில் வந்து சேரும். ஆதலால், ‘டி.பி.’ என்று எழுதப்பட்டு மறைந்த உயிர்களுள் தூசி தின்ற உயிர்கள் எத்தனை என்பதை யார் அறிவார்?

இந்நோயைப் போக்க முடியாதே தவிர, தடுக்க முடியும். நீர் பாய்ச்சித் துளையிடுதல், காற்றோட்டம் அமைத்தல், காலந்தோறும் மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தல், நோயின் முதற்குறி தோன்றியவனை வேறு பணிக்கு மாற்றுதல் ஆகியவையே வழிகள். இவற்றுள் எதுவும் மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. சிவசமுத்திரத்திலிருந்து 1902-ஆம் ஆண்டிலேயே தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூர் நகரம் அதனைப் பெற்றதோ 1905-ஆம் ஆண்டில்தான். பொன்னுக்காக நூற்றைம்பது கிலோமீட்டர் அளவுக்குக் கம்பி இழுக்க முடிந்த அறிவும் பொருளும் அன்றே இருந்தன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் தூசியால் நேரும் நுரையீரல் நோய்க்கு உதவித்தொகை வழங்க 1911-ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. தங்கவயலிலோ 1940-களில்தான் தொழிலாளர்களின் மார்பைப் பெருமளவில் சோதித்தனர். ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்ததில், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நோய் கண்டிருந்தது.

அலட்சியம் என்பது யாது? அறியக்கூடியதை அறிய முயலாதிருத்தல். அறிந்த பின்னும் தடுக்கக்கூடியதைத் தடுக்காதிருத்தல். தீமை செய்ய வேண்டும் என்னும் எண்ணம் அதற்குத் தேவையில்லை. ‘நான் எவரையும் கொல்ல நினைக்கவில்லையே’ என்று முதலாளி கூறுவது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அவ்வுண்மை கடனைத் தீர்ப்பதில்லை.

‘தொழிலாளி தெரிந்துதானே இறங்கினான்? கூலியும் பெற்றானே?’ என்று வாதிடுவோர் உளர். அவன் விற்றது ஒரு நாள் உழைப்பை, நுரையீரலை அன்று. கூலி கணக்கிடப்பட்டபோது நுரையீரலின் பெயர் எந்தப் பேரேட்டிலும் எழுதப்படவில்லை. தூசியின் இயல்பை அறிந்தவர் மேலே இருந்தனர். அறியாதவன் கீழே இறங்கினான். பசித்தவன் தலையசைத்தான் என்பதற்காக அதனை உடன்பாடு என்று கொள்வது நேர்மையாகாது.

‘இப்படிக் கணக்குக் கேட்டால் தொழிலே நடக்காது’ என்பது மற்றொரு வாதம். இதனைத் தள்ளிவிட இயலாது. வேலை போனால் பட்டினி என்பதைத் தங்கவயல் 2001-க்குப் பின் நன்கு உணர்ந்தது. ஆனால், தொழிலாளியின் மூச்சைத் தின்றால்தான் ஒரு தொழில் இலாபம் காணும் என்றால், அத்தொழிலில் முதல் போட்டவன் அவனும்தான் என்றாகிறது. முதல் போட்டவனுக்குக் கணக்குக் காட்டமாட்டேன் என்று எந்த வணிகன் கூறுவான்?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நன்மை மிக உடையது. அதன் சாரம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் எடுத்து வைக்கப்பட்டுள்ளது. தொழில்சார் நோயை விபத்துக்கு நிகராக அச்சட்டம் கருதியது. முதலாளியின் குற்றத்தைத் தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்றது. ஆனால் இந்நன்மைக்குள்ளேயே ஒரு குறையும் மறைந்திருந்தது. இச்சட்டப்படி இழப்பீடு கோருபவன் அதே கேட்டுக்காக உரிமையியல் மன்றத்தில் வழக்கிட முடியாது. அங்கே வழக்கிட்டவன் இங்கே கோர முடியாது. பணம் விரைவில் வேண்டுமெனில், குற்றம் யாருடையது என்னும் கேள்வியைக் கைவிட வேண்டும். குற்றத்தை உரைக்க வேண்டுமெனில், பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூச்சு வாங்கும் ஒருவன் எதனைத் தேர்வான்? கால எல்லை பற்றியும் கூற வேண்டும். வேலையைவிட்ட இரண்டாண்டுகளுக்குள் நோயின் குறி தோன்ற வேண்டும் என்பது அச்சட்டத்தின் கணக்கு. நுரையீரலோ பத்தாண்டு, இருபதாண்டு கழித்தும் தன் கணக்கைத் திறக்கக்கூடியது.

கோப்புகளோடு பழகிய எழுத்தன் என்ற முறையில் சொற்களின் வேறுபாட்டை நான் சிறிது அறிவேன். ‘கருணைத்தொகை’ என்று ஒரு தாளில் எழுதினால், கொடுப்பவர் உயர்ந்தவராகிறார், பெறுபவர் கைகூப்புகிறார், கேள்வி முடிந்துவிடுகிறது. ‘கொடுக்க வேண்டிய தொகை’ என்று எழுதினால், இருவரும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனர். அரசு ஊழியரின் ஓய்வூதியமும் ஒரு காலத்தில் ஆள்வோரின் கொடையாகவே எண்ணப்பட்டது. 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் கொடையன்று, உரிமை என்று தீர்த்துரைத்தது. தொகை மாறினும் மாறாவிடினும், அந்த ஒரு சொல்லால் ஓய்வூதியர் தலைநிமிர்ந்தனர்.

அச்சொல் தொழில்நோயாளிகள் அனைவருக்கும் வாய்க்கவில்லை. கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. அதன் முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தோடு 2016-இல் உடன்பாடு ஏற்பட்டது. நெடுங்காலப் போராட்டத்தின் பயன் அது; ஆயினும் அத்தொகைக்கு இடப்பட்ட பெயர் கருணைத்தொகையே. அதே ஆண்டில், குஜராத்தின் கல் அரைக்கும் ஆலைகளில் வேலை செய்து சிலிகோசிஸால் மாண்ட 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா மூன்று இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. மாண்டவர் மத்தியப் பிரதேசத்திலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற பழங்குடியினர். பணம் கொடுக்குமாறு பணிக்கப்பட்டது மாநில அரசு. கடன் பட்டவர் ஒருவர், அடைத்தவர் ஊரார்! தென்னாப்பிரிக்காவிலோ 2019-இல் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, தங்கச் சுரங்க நிறுவனங்களே ஐந்நூறு கோடி ராண்ட் அளவில் பொறுப்பேற்றன. 1965 முதல் உழைத்தோரும் இறந்தோரின் குடும்பத்தாரும் அதில் இடம்பெற்றனர். கடன் காலத்தால் கரைவதில்லை என்பதற்கு அது சான்று.

நம் சிலம்பின் தலைவியை ஈண்டு நினைத்தல் பொருந்தும். பாண்டியன் அவையில் கண்ணகி கணவன் உயிருக்கு விலை கேட்கவில்லை, கருணையும் வேண்டவில்லை. நேர்ந்தது பிழை என்பதை அவை அறியச் செய்தாள். அவளுடைய சான்று சிலம்பின் உள்ளே இருந்தது. தங்கவயல் தொழிலாளியின் சான்றும் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் அதனைக் காட்ட எக்ஸ்ரே படமும் பணிப்பதிவேடும் வேண்டும். கல்நார்த் தொழிலாளர் பற்றிய 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், பணி தொடங்கிய நாள் முதல் நாற்பதாண்டுகள் அல்லது பணி முடிந்தபின் பதினைந்தாண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவையும் காக்குமாறு உச்ச நீதிமன்றம் கூறியது. நுரையீரலின் கணக்கை அறிந்து கூறிய சொல் அது.

ஆகவே, இழப்பீடு கடன் எனில் அதில் மூன்று கூறுகள் அடங்கும். இழந்ததற்கு ஈடு முதலாவது. நேர்ந்த பிழையை ஒப்புக்கொள்ளுதல் இரண்டாவது. அப்பிழை அடுத்தவனுக்கு நேராமல் தடுத்தல் மூன்றாவது. மூன்றாவது இல்லையேல் முதலாவது வெறும் விலையாகிவிடும். தூசியை அடக்குவதைவிடப் பணம் கொடுப்பது மலிவு என்று கணக்கிட்டு, உயிர்களை வாங்கத் தொடங்கிவிடுவர். இரண்டாவது இல்லையேல் அது கருணையாகிவிடும்.

நம்மால் இயன்றதும் ஒன்று உண்டு. மருத்துவர்கள் நோயாளியிடம் அவன் தொழில் யாது என்று தவறாமல் கேட்க வேண்டும் என இத்தாலிய மருத்துவர் இராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டில் எழுதினார். அக்கேள்வியை நாமும் நம் இல்லங்களில் கேட்போம். கல்லுடைப்பு, வார்ப்படம், கட்டடப் பணி, சுரங்கம் எதுவாயினும், எங்கே, எத்தனை ஆண்டு, யாரிடம் வேலை செய்தார் என்பதை முதியோரிடம் கேட்டு எழுதிவைப்போம். பழைய பணிச்சான்றையும் எக்ஸ்ரே படத்தையும் பழைய தாள்களோடு எடைக்குப் போடாமல் காப்போம். கடன் கொடுத்தவன் வீட்டில் பத்திரம் இருக்க வேண்டாமா?