கூப்பாத கைகள்

நாசிக்கில் அரசு மானியம் பெறும் பள்ளி ஒன்று. காலைப் பிரார்த்தனைக்கு அங்கே ஓர் ஆசிரியர் எல்லாரோடும் எழுந்து நிற்பார், கை மட்டும் கூப்பமாட்டார். நிர்வாகம் அதை ஒழுங்கீனம் என்றது. அவருக்கு வரவேண்டிய உயர் ஊதிய விகிதம் நின்றுபோனது. 2013இல் பம்பாய் உயர் நீதிமன்றம், கை கூப்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்புக்கு ஆதாரம் அரசியல் சாசனத்தின் 28ஆவது பிரிவு. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையே கூடாது என்கிறது அதன் முதல் உட்பிரிவு. மானியமோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகளுக்கு மூன்றாவது உட்பிரிவு: சம்மதம் தராத எவரும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வேண்டியதில்லை, சிறுவர் என்றால் காப்பாளர் சம்மதம் தரவேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962இல் இன்னும் ஒரு படி மேலே போனது. நியூயார்க் அதிகாரிகள் அரசுப் பள்ளிகளுக்கென்று எழுதிக்கொடுத்த ஜெபத்தையே செல்லாது என்றது, விரும்பாத பிள்ளைகள் ஒதுங்கிக்கொள்ள வழியிருந்தும்.

நம் சட்டம் கேட்பது சம்மதம். மௌனம் சம்மதம் ஆகாது. பிக்னிக் போக அப்பாவின் கையெழுத்தைக் கேட்கிற பள்ளிகள் பிரார்த்தனைக்குக் கேட்பதில்லை. நாசிக் ஆசிரியர் வயது வந்தவர், கோர்ட்டுப் படியேறத் துணிந்தவர். பிள்ளைகளின் நிலை வேறு. 2016இல் மும்பை மாநகராட்சி மன்றம் தன் பள்ளிகளில் சூரிய நமஸ்காரத்தைக் கட்டாயமாக்கத் தீர்மானம் போட்டது. எதிர்க்கட்சிகள் மன்றத்திலேயே எதிர்த்தன. ஆனால் தாராவியின் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் தகப்பன், ஹெட்மாஸ்டரிடம் போய் "எம் பிள்ளைக்கு இது வேண்டாம் சார்" என்று சொல்வாரா?

சொல்லத் துணிந்தாலும் பதில் தயாராக இருக்கும்: இது மதமே இல்லை, எல்லாருக்கும் பொதுவானது. கேந்திரிய வித்யாலயப் பிரார்த்தனையில் வரும் உபநிடத வரிக்கும் அதே வாதம்தான். அந்த வரியை எதிர்த்து வந்த வழக்கை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பினார்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் ஒன்று இவ்வளவு சுலபமாகப் பொதுவாகிவிடுகிறது. பழகாதவர்களின் வழக்கம் உடனே மதமாகத் தெரிகிறது.

மும்பையின் செம்பூரில் நடந்தது அதன் மறுபக்கம். என்.ஜி. ஆச்சார்யா - டி.கே. மராத்தே கல்லூரி 2024இல் ஹிஜாப், புர்கா, தொப்பி, பேட்ஜ் எதற்கும் இடமில்லை என்று உடைவிதி கொண்டுவந்தது; மாணவரின் மதம் வெளியே தெரியக் கூடாதாம். மாணவிகள் ஒன்பது பேர் வழக்குப் போட்டார்கள். ஜூனில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கல்லூரியைத் திருப்பிக் கேட்டது: பெயரே மதத்தைச் சொல்லிவிடாதா? பொட்டு வைத்து வருகிறவர்களையும் தடுப்பீர்களா? ஹிஜாப், தொப்பி, பேட்ஜ் மீதான தடை அன்றே நிறுத்திவைக்கப்பட்டது. வகுப்பறைக்குள் புர்காவுக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை.