காத்திருக்க முடிந்தவர்கள்

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளிகள் சரிந்து 25,981-இல் நின்றது. சாயங்காலம் வண்டியூரிலிருந்து மாமா ஃபோன். “மாப்ள, எல்லாத்தையும் வித்துரவா?”

“விக்காதீங்க மாமா. ரிசர்வ் வங்கி சும்மா இருக்காது.”

பலித்தது. நான்கே நாளில் ரெப்போ விகிதம் 5.15-லிருந்து 4.40 சதவீதமானது. அப்போது ஜப்பான் செய்ததைப் போல நம் மத்திய வங்கி பங்குச் சந்தைக்குள் இறங்கி வாங்குவதில்லை. கடனை மலிவாக்கிவிட்டு ஒதுங்கி நிற்கும். அதுவே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது.

எங்கே போதாது என்பது அடுத்த மாதம் தெரிந்தது. ஏப்ரல் 23 இரவு ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் திட்டங்களை மூடுவதாக அறிவித்தது. சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியது. மற்ற ஃபண்டுகளிலும் ஆட்கள் பதறி ஓடக்கூடாதென்று 27-ஆம் தேதி, திங்கட்கிழமை, ரிசர்வ் வங்கி 50,000 கோடிக்கு ஒரு கதவைத் திறந்தது. அதில் சிறு பகுதியைத்தான் எடுத்தார்கள். கதவு திறந்திருக்கிறது என்ற செய்தியே பதற்றத்தைத் தணித்துவிட்டது. இன்னொரு காரணமும் உண்டு. பணம் நேராக ஃபண்டுகளுக்குப் போகவில்லை, வங்கிகள் வழியாகப் போனது. திரும்பி வராவிட்டால் நஷ்டம் வங்கிக்கு. நல்ல பத்திரம் வைத்திருந்தவனுக்குத்தான் கொடுப்பார்கள். அந்த ஆறு திட்டங்களில் நிறைய இருந்தது தரம் குறைந்த பத்திரங்கள். கையில் காசில்லை என்ற பயத்துக்கு மத்திய வங்கியிடம் மருந்து உண்டு. கொடுத்தது திரும்புமா என்ற பயத்துக்கு இல்லை.

அந்த முதலீட்டாளர்களுக்குப் பின்னால் பணம் வந்தது. மூடியபோது இருந்த மதிப்பைவிடக் கூடவே வந்தது. ஆனால் தவணை தவணையாக, வருடக்கணக்கில்.

மாமாவால் அப்படிக் காத்திருக்க முடியவில்லை. தெப்பக்குளம் பக்கம் பிரிண்டிங் பிரஸ். ஊரடங்கில் கல்யாணப் பத்திரிகை யார் அடிப்பார்கள்? மே மாதம் பங்குகளை விற்றார். “ஏறும்னு தெரியும் மாப்ள. வேலை பாக்குற ரெண்டு பேருக்குச் சம்பளம் குடுக்கணும்ல?”

ரிசர்வ் வங்கி தலையிடாமல் இருந்திருந்தால் இன்னும் குறைந்த விலைக்குத்தான் விற்றிருப்பார். அது நியாயமான வாதம், எனக்கும் தெரியும். ஆனால் தாங்கிப் பிடித்த சந்தையில் லாபம் பார்த்தது யார்? வீட்டிலிருந்தே வேலை, மாதம் தவறாமல் சம்பளம், அந்தத் தைரியத்தில் நான் வாங்கிக்கொண்டிருந்தேன். டிசம்பர் 31 அன்று சென்செக்ஸ் 47,751.

என் துணிச்சல் என்று அதை நண்பர்களிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. மாமா விற்ற அதே வாரம், அதே கம்பெனிப் பங்கைத்தான் வாங்கினேன் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.